மாடி வீடும் மண்ணின் பங்கும்

சென்ற மாதம் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு வளையமாதேவிப் பக்கம் சென்றிருந்தோம். அலுவல் முடிந்து பதிவேடுகளைக் கட்டி வைக்கும் வேளையில் முதிய அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகினார். சுரங்கத்தின் பொருட்டு நிலத்தை இழந்தவர். இழப்பீடாக வந்த தொகையிற் பெரும்பகுதியைச் சங்கத்தில் வைப்பாக வைத்திருப்பவர். அவருடைய மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய வண்ணத் துண்டறிக்கை ஒன்றைப் பெரியவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டினார். இருபத்திரண்டு மாடிகள், நீச்சற்குளம், உடற்பயிற்சிக் கூடம், மொட்டைமாடியிற் பூந்தோட்டம். "வைப்பை முறித்து இதில் ஒரு வீடு வாங்கலாம் என்கிறான் பையன். பதினெட்டாம் மாடியாம். வாங்கினால் எனக்கு எத்தனை சென்ட் மண் வரும், ஐயா?" என்று கேட்டார்.

அருகிலிருந்தோர் நகைத்தனர். நாமும் முதலில் நகைத்தோம் என்பதை ஒளிப்பதற்கில்லை. ஆயினும் திரும்பி வரும் வழியெல்லாம் அக்கேள்வி நம்மை விடவில்லை. உயர்மாடி வீடு வாங்குவோர் முதன்முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. அதனைக் கேட்பவரோ மிகச் சிலர். இதே எண்ணத்தோடு வைப்பை முறிக்க விழையும் அங்கத்தினர் இவ்வட்டாரத்தில் அவர் ஒருவர் மட்டும் அல்லர். ஆகவே அதற்குரிய விடையை நம்மால் இயன்ற அளவு இங்கே கூற முற்படுகிறோம்.

உயரமும் பள்ளமும்

இன்று நாடெங்கும் நகரங்கள் மேல்நோக்கி வளர்கின்றன. பம்பாயில் பஞ்சாலைகள் இயங்கிய நிலங்களில் இன்று அறுபது எழுபது மாடிகள் நிற்கின்றன. குர்கானிலும் நொய்டாவிலும் கோதுமை விளைந்த வயல்கள் கோபுரக் காடுகளாய்விட்டன. ஐதராபாதின் மேற்கெல்லையும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையும் ஆண்டுக்கு ஆண்டு அடையாளம் தெரியாமல் மாறி வருகின்றன.

சென்னைக்கு இந்த உயரம் முற்றிலும் புதியதன்று. 1959-ஆம் ஆண்டு அண்ணா சாலையில், அந்நாளைய மவுண்ட் ரோட்டில், எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பெற்றது. அதன் உயரம் 177 அடி. அக்காலத்தில் நாட்டிலேயே மிக உயர்ந்த கட்டடமாக அது பேசப்பட்டது. வெளியூர்களிலிருந்து பட்டணம் பார்க்கச் சென்றோர் அதன் எதிரில் நின்று மாடிகளை எண்ணிவிட்டு ஊர் திரும்பினர்.

அதே ஆண்டுகளில் நம் பக்கத்தில் வேறொரு வேலை நடைபெற்றது. 1956-இல் நெய்வேலி நிறுவனம் அமைக்கப்பெற்றது. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. ஒரு டன் நிலக்கரி எடுப்பதற்கு அதற்கு மேலுள்ள மண்ணைப் பன்மடங்கு அகற்றவேண்டும். அடியிலுள்ள நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆகப் பட்டணத்து உயரமும் நம் பக்கத்துப் பள்ளமும் ஒரே பத்தாண்டிற் பிறந்தவை.

இவ்விரண்டையும் நாம் வலிந்து இணைக்கவில்லை. மாடி வீடு மின்சாரமின்றி ஒரு நாளும் இயங்காது. தூக்கியை ஏற்றி இறக்குவதும், இருபதாம் மாடிக்குத் தண்ணீரை உந்துவதும், கண்ணாடிச் சுவருக்குள் அறையைக் குளிர்விப்பதும் மின்சாரமே. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. எனினும் புதிய நிலையங்கள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. தண்ணீரை நோக்கினால், சோழர் காலத்தில் வெட்டப்பெற்ற நம் வீராணம் ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் சென்னைக்குச் செல்லுமாறு அமைந்த திட்டம் 2004-இல் நிறைவேறியது. 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய்வழியே அந்நீர் செல்கிறது. சிமெண்டு அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருகிறது. அங்கும் விளைநிலங்களே வெட்டுக்குழிகளாயின. உயர்ந்த கட்டடம் தான் நிற்கும் மனையின்மேல் மட்டும் நிற்பதில்லை. பல ஊர்களின் மண்ணின்மேல் நிற்கிறது.

அவ்வூர்களுள் ஒன்று வளையமாதேவி. 2023-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, இங்கே நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை அங்கத்தினர் எவரும் மறந்திரார். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். கொடுத்தது போதாது, வேலைவாய்ப்பும் கிட்டவில்லை என்பது உழவர்களின் வாதம். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கவேண்டும் என்று அடுத்த மாதமே ஆணை பிறந்தது. அவ்வழக்கின் நியாயங்களை ஆராய்வது நம் அலுவல் அன்று. இவ்வூர்க் கைகளில் இருந்தது நிலம். இன்று இருப்பது பணம். அப்பணம் எங்கே போகிறது என்பதே நம் கவலை.

மாடியை வெறுக்கலாமா?

மாடிக் கட்டடங்களே வேண்டா என்று கூறுவாரும் உளர். நாம் அக்கட்சியினர் அல்லோம். மேலே ஏறாத நகரம் பக்கவாட்டிற் பரவும். பரவும் இடமோ ஏரியும் வயலும். ஆயிரம் குடும்பங்களைத் தனித்தனி மனைகளில் வைத்தால் எத்தனை காணி விளைநிலம் போகும் என்று எண்ணிப் பார்த்தால், அடுக்கி வைப்பது உழவனுக்கே நன்மை என்பது விளங்கும். "அகல உழுவதினும் ஆழ உழு" என்பது நம் பெரியோர் மொழி. அவ்வாறே அகலக் கட்டுவதினும் உயரக் கட்டுவது சில இடங்களில் அறிவுடைமையே.

சிங்கப்பூர் இதற்குச் சான்று. 1960-இல் அந்நாட்டு அரசினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நிறுவினர். இன்று அங்கு வாழும் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அக்கழகத்தின் மாடி வீடுகளிலேயே வாழ்கின்றனர். நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அவற்றில் வாழ்கின்றன. ஆனால் அங்கே நிலம் அரசினருடையது, கட்டுபவரும் அவரே, பராமரிப்புக்கும் பொறுப்பான அமைப்பு உண்டு. வீட்டிற்குரியவருக்குக் கிடைப்பது 99 ஆண்டுக் குத்தகை என்பதும் முதல் நாளே யாவருக்கும் தெரியும். ஆகவே உயரத்தைக் குறை கூறுவதற்கில்லை. மண் எவருடையது, பொறுப்பு எவருடையது என்பது தெளிவாக இருத்தல் வேண்டும், அவ்வளவே.

பெரியவரின் கணக்கு

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். மாடி வீட்டின் பத்திரத்தில் இரண்டு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று வீடு, மற்றொன்று அடிமனையில் "பிரிபடாத பாகம்". நான்கு எல்லை காட்டி வேலியடைக்க இயலாத பாகம் அது. எனினும் சட்டப்படி சொத்தே.

அப்பாகம் எவ்வளவு? 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டது உயர்மாடிக் கட்டடம் எனப்படும். பொதுவாகச் சாதாரணக் கட்டடத்தில் மனைப் பரப்பைப் போல் 2 மடங்கும், உயர்மாடிக் கட்டடத்தில் 3.25 மடங்கும் தளம் எழுப்பலாம். தனிக் கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் எழுப்ப வழியுண்டு. இதனைக் கொண்டு அங்கத்தினர் தாமே கணக்கிடலாம். 1,000 சதுர அடி வீட்டிற்குச் சாதாரணக் கட்டடத்தில் 500 சதுர அடி மண் வரும். உயர்மாடியில் வருவது சுமார் 308 சதுர அடியே. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எனவே பதினெட்டாம் மாடியில் வீடு வாங்கும் நம் பெரியவருக்கு வரும் மண் முக்கால் சென்டிற்கும் சற்றுக் குறைவு.

வேறு விதமாகவும் இதனைக் கூறலாம். ஓர் ஏக்கர் மண்ணில் இத்தகைய வீடுகள் 140-க்கு மேல் எழும். ஏக்கர் கணக்கில் நிலத்தைக் கொடுத்தவர் அப்பணத்தைக் கொண்டு நூற்றுநாற்பதில் ஒரு பங்குகாரர் ஆகிறார்.

அதனால் என்ன, வீடு பெரிதாயிற்றே என்பார் சிலர். இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். கட்டடம் முதிர்வது, மண் முதிராதது. முப்பது நாற்பது ஆண்டுகளில் கம்பி துருவேறும், தூக்கி பழுதாகும், நீர் கசியும். அந்நாளில் எஞ்சும் மதிப்பு பெரும்பாலும் மண்ணின் பங்கே. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட இடம் தருகிறது. அப்பொழுது ஒவ்வொருவர்க்கும் உரியது எவ்வளவு என்பதைப் பிரிபடாத பாகமே பேசும். பத்திரத்தில் அதனைக் குறைத்து எழுதியிருந்தால், இழப்பு பேரன் காலத்தில்தான் தெரியவரும்.

மாதந்தோறும் செலுத்தவேண்டிய பராமரிப்புத் தொகையையும் கருதுதல் வேண்டும். அறுவடைக்கு அறுவடை பணம் காணும் குடும்பத்திற்கு அது எளிதன்று.

உயரத்தின் இடர்

உயரத்திற்கு வேறு இடர்களும் உண்டு. 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்த மாலையில் அப்படியே அமர்ந்துவிட்டது. 61 உயிர்கள் மடிந்தன. மடிந்தோர் பெரும்பாலும் பிற மாநிலங்களிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலிக்காரர்கள். எதிரே நின்ற மற்றொரு கட்டடத்தை 2016-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நொய்டாவில் விதிகளை மீறி எழுந்த இரட்டைக் கட்டடங்கள் உச்சநீதிமன்ற ஆணைப்படி 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் சில வினாடிகளில் தரைமட்டமாக்கப்பட்டன. அவற்றில் முன்பணம் கட்டிய குடும்பங்கள் எத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறின என்பதை அக்குடும்பங்களே அறியும்.

இடிந்து விழாத கட்டடத்திலும் சோதனை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியபொழுது தென்புறத்துப் பகுதிகள் பலவற்றில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. தூக்கி நின்றது, நீர் உந்தும் பொறி நின்றது. கீழே எங்கும் வெள்ளம். மேலே குடிக்க நீரில்லை. முதியோரும் நோயாளிகளும் படியிறங்க வகையின்றித் தவித்தனர்.

நெசவாளருக்கு ஒரு சொல்

குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் உள்ள நெசவாளச் சகோதரர்கள் இது உழவர்க்குரிய பேச்சு என்று ஒதுக்கிவிடலாகாது. தறிக்குழி மண்ணில் வெட்டுவது. குழியில் காலிறக்கி மிதிக்கும் தறியை மூன்றாம் மாடியில் எப்படி நிறுத்துவது? பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பதற்கு விடியற்காலையில் ஒரு தெருவே வேண்டியிருக்கிறதே. மாடிப்படியின் முகப்பில் அதற்கு இடம் ஏது? தறியின் ஓசைக்கு அண்டை வீட்டார் இசைவரோ? நெசவாளனுக்கு வீடு என்பது உறங்கும் இடம் மட்டுமன்று, அதுவே தொழிற்சாலை. உழவனுக்குக் களமும் வைக்கோற்போரும் மாட்டுக் கொட்டகையும் எப்படியோ, நெசவாளனுக்குத் தறிக்குழியும் தெருவும் அப்படி.

தொழிலிலிருந்து வீட்டைப் பிரித்தால் விளைவது என்ன என்பதைப் பெரும்பாக்கம் காட்டும். கூவக் கரையிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களைச் சென்னையின் தெற்கெல்லைக்கு அப்பால் எட்டடுக்கு வீடுகளிற் குடியேற்றினர். மழைக்கு ஒழுகும் குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட்டுக் கூரை கிடைத்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுவேலையும் கூலிவேலையும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. அன்றாடக் கூலியில் ஒரு பகுதி பேருந்துக்கே போயிற்று. வேலையை விட்டவரும் உண்டு. கையிலிருந்த தொழிலைக் கீழேயே விட்டுவிட்டு மாடி ஏறிய கதை அது.

பம்பாய் காட்டும் வழி

ஆயின் யாது செய்வது? பிள்ளைகள் பட்டணத்தில் வேலை பார்க்கின்றனர். வாடகை கொடுத்து மாளவில்லை. அவர்களுக்கு வீடு வேண்டும். இது நியாயமான விருப்பம். அதனை நிறைவேற்றும் முறையைத்தான் ஆராயவேண்டும்.

இங்கே பம்பாயின் அனுபவம் நமக்குப் பயன்படும். 1963-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மாடிவீட்டுச் சட்டம், கட்டி விற்பவர் வீடு வாங்கியோரைக் கூட்டுறவுச் சங்கமாகவோ கம்பெனியாகவோ அமைக்கவேண்டும் என்றும், நிலத்தையும் கட்டடத்தையும் அவ்வமைப்பின் பெயருக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தது. ஆகவே அங்கே மாடி வீட்டுக்காரர் என்றாலே பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர் என்பது பொருள். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஆண்டுதோறும் மகாசபை, கணக்கிற்குத் தணிக்கை, பழுது பார்க்க நிதி. நம் சங்கங்களில் நாம் காண்பவையே அங்கு இருபது மாடிகளுக்கு மேலும் நடக்கின்றன.

அங்கும் குறைகள் இல்லாமலில்லை. நிலத்தை எழுதிக் கொடுக்காமல் இழுத்தடித்தோர் பலர். அதனால், கட்டியவர் இசையாவிடினும் உரிமை சங்கத்தின் பெயருக்கு மாறுவதற்கு வழிசெய்யும் திருத்தம் 2008-இற் கொண்டுவரப்பட்டது. குறையைத் திருத்தும்படி நெருக்குவதற்கு அங்கே ஓர் அமைப்பு இருந்தது. அதுவே நாம் கருதவேண்டியது. தனித்தனியே நின்ற வாங்குநர்க்கு அது இயலாது. ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும். நூற்றுநாற்பது குடும்பங்கள் ஒரே மண்ணைப் பங்கிட்டு வாழ்வதும் ஒரு தேர்தான். வாங்கும் நாளில் ஒருவரையொருவர் அறியாத நூற்றுநாற்பது பேர், தூக்கி நின்ற நாளிலேதான் முதன்முதலாகக் கூடிப் பேசுகின்றனர் என்றால் அது பிந்திய கூட்டுறவு.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

நம் கருத்துகளைச் சுருக்கிக் கூறுவோம்.

முதலாவது: இழப்பீட்டுத் தொகை முழுவதையும் ஒரே மாடி வீட்டில் முடக்குதல் வேண்டா. ஒரு பகுதியைக் கொண்டு, சிறிதாயினும், விளையும் நிலத்தை வேறிடத்தில் வாங்குக. ஒரு பகுதி வைப்பாகவே நிற்கட்டும். எஞ்சியதற்கு உட்பட்டே வீட்டை எண்ணுக.

இரண்டாவது: முன்பணம் கொடுக்குமுன் காகிதங்களைப் பார்க்க. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி ஆகிய நான்கும் இன்றியமையாதவை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டி விற்பவர், 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டத்தின்படி, மக்கள் "ரெரா" என வழங்கும் பதிவைப் பெற்றிருக்கவேண்டும். வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் 100-க்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்திற்கும் அதன் மனைக்குமே செலவிடவேண்டும். கட்டட அமைப்பிற் குறை கண்டால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவரே பொறுப்பு. இவ்வுரிமைகளை அறியாதவருக்கு அவை இருந்தும் பயனில்லை.

மூன்றாவது: விலை கூறும்பொழுது எந்தப் பரப்பிற்கு என்று கேட்க. படிக்கட்டையும் நடைவழியையும் சேர்த்துச் சொல்லும் பரப்பு வேறு. சுவருக்குள் நாம் நடமாடும் பரப்பு வேறு. பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் எண்ணாலும் எழுத்தாலும் பார்த்த பின்னரே கையொப்பமிடுக.

நான்காவது, நம் நோக்கில் மிக முக்கியமானது: வாங்க எண்ணுவோர் தனித்தனியே செல்லாது வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கமாக ஒன்று கூடுக. சேத்தியாத்தோப்பு, வடலூர் போன்ற பக்கத்து ஊர்களிலேயே கூட்டாக மனை வாங்கி, மூன்று நான்கு அடுக்குகளுக்கு மிகாமல் கட்டலாம். தரைத்தளத்தைத் தறிகளுக்கும் தானியத்திற்கும் ஒதுக்கலாம். முதியோர் படியேற முடியும். மின்சாரம் நின்றால் கைப்பம்பு உதவும். மண்ணின் பங்கும் பெரிதாக வரும். பட்டணத்தில்தான் வேண்டும் என்போரும் பத்துக் குடும்பமாகச் சென்று பேசினால் கிடைக்கும் மரியாதையே வேறு.

ஐந்தாவது: சங்கத்தின் நிர்வாக சபையார், பெருந்தொகை வைப்பை முறிக்க வரும் அங்கத்தினரைத் தடுக்க உரிமையற்றவர், ஆனால் அவரை அமர்த்திப் பேசக் கடமையுள்ளவர். காகிதங்களைப் படித்துச் சொல்லும் வழக்கறிஞர் ஒருவரை மாதம் ஒரு நாள் அலுவலகத்திற்கு வரவழைக்கும் தீர்மானத்தை வரும் மகாசபையிற் கொண்டுவருமாறு வேண்டுகிறோம். அதற்காகும் செலவு சிறிது. அதனாற் காக்கப்படும் பணமோ ஒரு தலைமுறையின் நிலம்.

அடுத்த முறை வளையமாதேவிக்குச் செல்லும்பொழுது அப்பெரியவரைத் தேடிச் சென்று, "முக்கால் சென்டிற்கும் குறைவு, ஐயா" என்று கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். கேட்டபின் வாங்குவதும் விடுவதும் அவர் விருப்பம். தம் பங்கு இன்னதென்று அறிந்து வாங்கட்டும் என்பதே நம் விருப்பம்.